நீர், துப்புரவுத் திட்டங்களுக்கான நிதித் தகுதி: சாங்கியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நீர், துப்புரவுத் திட்டங்களுக்குப் பணம் கொடுப்போர் கேட்கும் கேள்விகள் பல. அவற்றை மூன்றில் அடக்கலாம். கேட்பவர் யார்? கட்டப்போவது என்ன? திருப்பிச் செலுத்தும் வருவாய் எங்கிருந்து வரும்? இவற்றைக் கடனாளித் தகுதி, திட்டத் தகுதி, வருவாய்த் தகுதி எனலாம். மூன்றாவதே மற்ற இரண்டையும் தாங்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சிங்கப்பூரின் கிழக்கு முனையிலுள்ள சாங்கியின் கழிவுநீர்த் திட்டம் இதற்குச் சான்று.

2. கடனாளித் தகுதி

ஜொகூர் ஆற்று நீர்த் திட்டத்துக்காக 1965இல் உலக வங்கி சிங்கப்பூருக்குக் கடன் வழங்கியது. நாடு வளர்ந்ததும், 1975இல், அவ்வங்கியின் கடன் பெறுவோர் வரிசையிலிருந்து சிங்கப்பூர் வெளியேறியது. வளர்ச்சிக் கடனுக்கு வறுமை ஒரு தகுதி. வளம் வந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். எனவே சாங்கித் திட்டம் எழுந்தபோது பணத்தை உள்நாட்டிலேயே தேட வேண்டியிருந்தது.

3. திட்டத் தகுதி

சாங்கித் திட்டம் என்பது ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதற்கட்டம். அது 2000இல் தொடங்கி 2008இல் நிறைவுற்றது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளும் சுரங்கம் தரைக்குக் கீழே 20 முதல் 55 மீட்டர் ஆழத்தில் சாய்ந்து செல்கிறது. கழிவுநீர் தன் எடையாலேயே ஓடுகிறது. வழியிலிருந்த நீரேற்று நிலையங்களுக்கும், கிம் சுவான், பிடோக், சிலேத்தார் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் வேலையில்லாமல் போனது, நிலம் மிச்சமானது. சாங்கி நீர் மீட்பு நிலையம் நாளொன்றுக்கு 8 லட்சம் கனமீட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் திறனுடன் அமைந்தது. முதற்கட்டச் செலவு சுமார் 340 கோடி சிங்கப்பூர் வெள்ளி.

இத்திட்டத்தைப் பிற்கால அளவுகோல் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். 2021இல் நிறைவேறிய முக்கிய உள்கட்டமைப்பு அரசுக் கடன் சட்டம், 9,000 கோடி வெள்ளி வரை கடன் திரட்ட அரசுக்கு இடமளிக்கிறது. திட்டம் தேசிய முக்கியத்துவம் உடையதாக இருக்க வேண்டும். குறைந்தது 50 ஆண்டு பயன்பட வேண்டும். 400 கோடி வெள்ளியாவது செலவு பிடிக்க வேண்டும். நூறாண்டு உழைக்கும்படி கட்டிய சாங்கிச் சுரங்கம் முதல் இரண்டையும் எளிதில் தாண்டும். அன்றைய விலையில் மூன்றாவதில் தேறாது. தொகையை வைத்துப் போடும் எல்லைக்கோடு திட்டத்தின் அளவைச் சொல்லும், பயனைச் சொல்லாது.

4. வருவாய்த் தகுதி

சிங்கப்பூர்த் தண்ணீர்க் கட்டண ரசீதில் நீர்க் கட்டணம், 1991இல் வந்த நீர்ச் சேமிப்பு வரி, கழிவுநீர்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். முன்பு கழிப்பறைச் சாதனம் ஒவ்வொன்றுக்கும் மாதம் 3 வெள்ளி வசூலித்தார்கள். 2017 ஜூலையில் அந்த முறை நீங்கி, பயன்படுத்தும் நீரின் அளவுக்கேற்ற ஒரே கட்டணம் வந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சிறிய வீடுகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அரசின் யு-சேவ் கட்டணத் தள்ளுபடி சுமையைத் தணிக்கிறது.

இந்த நிலையான வரவே தனியார் முதலீட்டையும் ஈர்த்தது. சாங்கி நிலையத்தின் கூரைமீது செம்ப்கார்ப் நிறுவனம் 2010இல், கழிவுநீரை மறுபடி தூய்மைப்படுத்தும் புதுநீர் ஆலையைத் திறந்தது. 25 ஆண்டு ஒப்பந்தப்படி அந்நீரை வாங்குவது நாட்டின் நீர் முகமையான பொதுப் பயனீட்டுக் கழகம். அதே கழகம் 2022இல் 80 கோடி வெள்ளிக்கு 30 ஆண்டுப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது.

5. ஒப்பீடு: தமிழ்நாடு

தனியாகப் பத்திரச் சந்தைக்குப் போக முடியாத 13 சிறு உள்ளாட்சிகளை நீர், துப்புரவுக் கூட்டு நிதியம் ஒன்றுசேர்த்து, ரூ. 30.41 கோடி திரட்டியது. அசலில் பாதிக்கு அமெரிக்க வளர்ச்சி முகமை உத்தரவாதம் தந்தது. உள்ளாட்சிகள் தம் வருவாயில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்பது நிபந்தனை. சென்னைப் பகுதியான ஆலந்தூரிலோ, கழிவுநீர்க் குழாய் பதிக்குமுன்பே வீட்டுக்காரர்கள் இணைப்புக்கு ரூ. 5,000 வைப்புத்தொகை கட்டினர். அந்த ஒப்புதலே கடன் கொடுத்தவர்களுக்கு நம்பிக்கையானது.

6. முடிவுகள்

அ. கடனாளித் தகுதி மாறக்கூடியது. வருவாய்த் தகுதியே நிலைப்பது.

ஆ. தொகை எல்லையால் விடுபடும் சிறு பணிகளை ஒன்றுசேர்த்து மதிப்பிட வேண்டும்.

இ. கட்டணத்தைச் செலவுக்கேற்ப வைத்து, ஏழைக் குடும்பத்துக்கு உதவியை நேரடியாகக் கொடுப்பதே நல்லது. எல்லோருக்கும் கட்டணத்தைக் குறைத்தால் வரவு சுருங்கும். அடுத்த கடனுக்கான தகுதியும் அதோடு போய்விடும்.