தமிழ் பேசினா ஃபைன்: இந்த விதி எங்கிருந்து வந்தது?

கள்ளக்குறிச்சி பக்கம் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இந்த விதி தெரிஞ்சிருக்கும்: வகுப்புல தமிழ் பேசினா ஃபைன். எங்க பள்ளியில ஒரு வார்த்தைக்கு ஒரு ரூபாய். பேர் எழுதி வைக்க ஒரு லீடர் வேற. எங்க மிஸ் கெட்டவங்க கிடையாது. பசங்களுக்கு நல்லதுதான் பண்றோம்னு மனசார நம்பினாங்க. அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கு.

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருக்கார். கிகூயு மொழி பேசி மாட்டின பையனுக்கு அடி, இல்லைன்னா 'நான் ஒரு முட்டாள்'னு எழுதின தகடு கழுத்துல. சில சமயம் அபராதம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கில்ல?

1961ல், பிரிட்டிஷ் பேரரசு கலைஞ்சுகிட்டிருந்த நேரத்துல, உகாண்டாவின் மெக்கரேரேயில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு காமன்வெல்த் மாநாடு நடந்தது. அதுல வலுப்பெற்ற ஐந்து நம்பிக்கைகளை ராபர்ட் பிலிப்சன் 1992ல வந்த தன் புத்தகத்துல எடுத்து வச்சு, அஞ்சுமே பிழைன்னு வாதாடினார். முதல் நம்பிக்கை, ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிப்பதுதான் சிறந்தது என்பது. ஃபைன் போடுங்கன்னு மாநாடு சொல்லல. ஆனா தாய்மொழி ஒரு இடைஞ்சல்ங்கிற எண்ணத்துக்கு நிபுணர் முத்திரை கிடைச்சது.

கிட்டத்தட்ட அதே காலத்துல நம்ம மெட்ராஸ் மாநிலத்துலயும் ஒரு பெரிய முயற்சி. ஆங்கிலம் தொடங்குற வகுப்புகளின் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி. பேரு 'மெட்ராஸ் ஸ்னோபால்'. (பனியே விழாத ஊர்ல பனிப்பந்து!) கொஞ்சம் பேர் கத்துக்கணும், அவங்க மத்தவங்களுக்குச் சொல்லித் தரணும், பந்து உருண்டு பெருசாகணும். நம்ம ஆபீஸ் ட்ரெயினிங் மாதிரியேதான். ஒவ்வொரு கை மாறும்போதும் 'எப்படிச் செய்யணும்' மட்டும் கீழே போகும், 'ஏன்' மேலேயே தங்கிடும்னு எனக்குத் தோணுது.

இதுக்கு பதில் நம்ம பக்கத்துல இருந்தே வந்தது. மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சில்ல வேலை பார்த்த என்.எஸ்.பிரபு, 1979லிருந்து 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள்ல ஒரு சோதனை நடத்தினார். இலக்கணப் பாடத்துக்கு பதில் ரயில் நேர அட்டவணை, வரைபடம் மாதிரி விஷயங்களைக் கொடுத்துக் கணக்குப் போட வைக்கிறது. உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அப்படி ஒரு முறையை உருவாக்கினவரே 1990ல, 'சிறந்த முறை'ன்னு ஒண்ணு கிடையாதுன்னு கட்டுரை எழுதினார். பிள்ளைங்க எப்படிக் கத்துக்கறாங்கன்னு ஆசிரியருக்கே ஒரு உணர்வு இருக்கணும், அது செத்து இயந்திரமா நடத்துறதுதான் ஆபத்துன்னார். எனக்கு அவர்மேல மரியாதை கூடினது இங்கேதான்.

இப்போ கல்வராயன் மலைக்கு வாங்க. 1976 வரை ஜாகிர்தாரர்கள் கையில இருந்த மலை. அங்கே வாழ்ற மலையாளிப் பழங்குடிகள் கேரளக்காரங்க இல்ல, பேசறது தமிழ்தான், ஆனா மலைக்கே உரிய தமிழ். உண்டு உறைவிடப் பள்ளிக்கு வர்ற அந்தக் குழந்தைக்குப் பாடப்புத்தகத் தமிழே பாதி அந்நியம். இங்கிலீஷ் அதுக்கும் மேல ஒரு படி. வகுப்புல வீட்டுப் பேச்சையும் தடுத்தா அந்தக் குழந்தை வாயே திறக்காது. அனுமதிச்சா, கீழே டவுனுக்கு வந்து இன்டர்வியூவுல உட்காரும்போது தடுமாறுமோன்னு ஆசிரியருக்கு பயம். இந்த பயமும் நியாயம்தான்.

மலையில இங்கிலீஷ் எடுக்கற டீச்சர் யாராவது கேட்டுட்டிருந்தா, முதல் நாள் எந்த மொழியில ஆரம்பிச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க.