மணி சொல்லாத சொல்



கொழும்புப் புறக்கோட்டையிலே, பிரதான வீதி சென்று முடியும் இடத்தில், பழைய மணிக்கோபுரம் ஒன்று நிற்கின்றது. ஒல்லாந்தர் காலத்துக் கெய்மன் வாயிலை நமக்கு நினைவூட்டுவது அதுவே. கோட்டே நகரில் போர்த்துக்கேயரின் தேவாலயம் ஒன்றில் முன்னர் ஒலித்த மணியே இங்குக் கொணரப்பட்டது என்பர். கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், மேட்டின்மேல், 1757ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வுல்வெண்டால் தேவாலயத்துக்கு மக்களை அழைத்ததும் அம்மணியே.

மணியின் நாவுக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான்: "வாருங்கள்!" வழிபாட்டுக்கு அச்சொல் போதும். தீக்கு அது போதாது. உலகின் பழைய நகரங்கள் பலவற்றில் தீ மூண்டால் ஆலயமணியையே அடித்தனர். ஓசை கேட்டவர் தெருவுக்கு ஓடிவந்து, புகை எத்திசையில் எழுகின்றதென்று வானத்தைப் பார்த்து நின்றனர். "தீ" என்று மணி சொல்லிற்று. "எங்கே" என்று சொல்லவில்லை. தீயறிவிப்பின் வரலாறு முழுவதும் அந்த "எங்கே" என்னும் வினாவுக்கு விடை தேடிய வரலாறே எனலாம்.

முதல் விடை அமெரிக்காவின் பொஸ்டன் நகரிற் கிடைத்தது. வில்லியம் சானிங் என்னும் மருத்துவரும் மோசஸ் பார்மர் என்னும் மின்னியல் வல்லுநரும் 1852ஆம் ஆண்டில் அந்நகரத் தெருக்களிலே அறிவிப்புப் பெட்டிகளை அமைத்துத் தந்திக் கம்பியால் இணைத்தனர். பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால், அப்பெட்டியின் எண் நடுநிலையத்தைச் சென்றடையும். எண் தெரிந்தால் தெரு தெரியும். அன்றுதான் தீக்கு ஒரு விலாசம் பிறந்தது.

ஆயினும், கைப்பிடியைச் சுழற்ற ஒரு மனிதன் வேண்டுமன்றோ? ஆளில்லா அறையில், நள்ளிரவில், யார் சுழற்றுவது? வெப்பத்தை உணரும் கருவிகளும், பின்னர் புகையை உணரும் கருவிகளும் அதற்கு விடையாயின. 1930களின் பிற்பகுதியில் சுவிற்சர்லாந்தின் வால்ற்றர் யேகர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவியொன்றை ஆக்க முயன்றார். அது நச்சுவாயுவை உணரவில்லை. அவர் பற்றவைத்த சிகரெட்டின் புகையை உணர்ந்துவிட்டது என்பர்.

இந்த உணரிகள் கூறுவதைக் கேட்கும் மூளையே, மாடிக் கட்டடங்களில் காவலாளியின் மேசையருகே சுவரில் நாம் காணும் கட்டுப்பாட்டுப் பலகை. பழைய வகைப் பலகை கட்டடத்தைச் சில பகுதிகளாக வகுத்து, பகுதிக்கு ஒரு கம்பியை வைத்திருக்கும். கம்பியின் இறுதியில் ஒரு மின்தடை உண்டு. அதனூடாகச் சிறிய மின்னோட்டம் இடையறாது ஓடும். ஓட்டம் நின்றால் கம்பி அறுந்ததென்றும், மிகுந்தால் ஏதோ ஓர் உணரி தீயைக் கண்டதென்றும் பலகை அறியும். ஆனால் அதனாற் சொல்லக்கூடியது, "மூன்றாம் பகுதி" என்பது மட்டுமே. அப்பகுதியில் இருபது அறைகள் இருந்தால் இருபது கதவுகளையும் தட்ட வேண்டும்.

புதிய வகையில் ஒவ்வோர் உணரிக்கும் தனி எண் உண்டு. "முதலாமவரே, நலமா? இரண்டாமவரே, நலமா?" என்று பலகை ஓயாது வினவிக்கொண்டிருக்கும். கம்பி வளையமாகச் சென்று பலகைக்கே மீள்வதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபுறத்தாற் பேசலாம்.

ஆயின் நேயர்களே, நாற்பத்தேழாம் எண் உணரி எவ்வறையில் இருக்கின்றது என்பதைப் பலகை தானாக அறியாது. அதனை எழுதி வைப்பவன் மனிதன். அவன் செய்யும் வேலை மூன்று. எண் இடுதல், ஒரே எண்ணை இருவருக்கு இட்டால் குழப்பமே விளையும். பெயர் இடுதல், "நான்காம் மாடி, கிழக்குப் படிக்கட்டு" என்று எழுதினால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. கட்டளை இடுதல், எவ்வுணரி தீயைக் கண்டால் எந்த ஊதல்கள் ஒலிப்பது, மின்தூக்கி எம்மாடியில் இறங்கி நிற்பது என வகுத்தல். பின்னர் ஒவ்வோர் உணரிக்கும் புகை காட்டி, பலகையில் தோன்றும் பெயர் மெய்தானா எனப் பார்த்தல் வேண்டும்.

1983ஆம் ஆண்டு ஜூலையில் வெள்ளவத்தையிலும் நகரின் பிற இடங்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. மனிதர் கைகள் மூட்டிய அத்தீயைத் தடுக்க எக்கருவியாலும் இயலாது. பின்வந்த காலத்தில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தனிவீடுகள் நின்ற நிலங்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. அத்தீயைக் கண்ட தலைமுறையினர் இன்று முதுமையில் எட்டாம் மாடியில் உறங்குகின்றனர். அவர்களால் விரைந்து இறங்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது, நேரத்தோடு வரும் உண்மையான செய்தி.

அச்செய்தியைக் கெடுப்பவை சிறு பிழைகளே. சமையலறையில் வெப்ப உணரிக்குப் பதிலாகப் புகை உணரியைப் பொருத்தினால், மிளகாய் வறுக்குந்தோறும் ஊதல் ஒலிக்கும். பூசையறைக்கு அருகே இருந்தால் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும் ஒலிக்கும். காவலாளி ஒலியை நிறுத்தி நிறுத்திப் பழகி, ஒருநாள் பலகையையே முடக்கிவிடுவார். "புலி வருகிறது" என்ற சிறுவனின் கதைதான்! வீட்டுக்காரர் ஓர் அறையை இரண்டாகத் தடுத்த பின்னும் பலகையில் பழைய பெயரே கிடந்தால், நம்பி ஓடுபவன் வேறு கதவைத் தட்டுவான். மஞ்சள் விளக்கு பழுதின் அடையாளம்; அதனை மாதக்கணக்கில் எரியவிடுவது, ஊமையான மணியைக் கோபுரத்தில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாடிவீட்டில் வாழும் நேயர்களே, நாளை கீழே இறங்கும்போது அப்பலகையின் முன் ஒரு கணம் நில்லுங்கள். மஞ்சள் விளக்கு எரிகின்றதா எனப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு அதில் என்ன பெயர் எழுதப்பட்டுள்ளது எனக் கேளுங்கள். அப்பெயர் காவலாளிக்குப் புரியும் மொழியில் இருக்கின்றதா என்றும் கேளுங்கள். தீயணைப்புப் பிரிவின் 110 என்னும் எண்ணை அதனருகே எழுதி ஒட்டுங்கள்.

புறக்கோட்டை மணி தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை ஒளியாது உரைத்தது. நம் பலகைக்கோ ஆயிரம் சொற்கள் தெரியும். ஆனால் அவை யாவும் நாம் கற்பித்தவையே. பிழையாகக் கற்பித்தால், பிழையாகவே உரைக்கும்.