நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்குவது ஏன்? பயிற்சியில் கவனிக்க வேண்டியவை என்ன?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ம் தேதி திறக்கப்படும். கல்லணையில் பிரிந்து வெண்ணாற்றிலும் அதன் கிளைகளிலும் தண்ணீர் வந்துவிட்டால், திருவாரூர் மாவட்டம் கூத்தாநல்லூர் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்ற தைரியம்தான் இங்கே பெரிய ஆபத்து.

வீராங்கனையே மயங்கினார்

2022 ஜூனில் புடாபெஸ்ட் உலக நீச்சல் சாம்பியன்ஷிப் போட்டியின்போது, அமெரிக்க வீராங்கனை அனிதா அல்வாரெஸ் நீருக்குள் மயங்கி மூழ்கினார். கண் எடுக்காமல் கவனித்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் ஆண்ட்ரியா ஃபுயென்டெஸ், உடுத்திய உடையோடு குதித்து அவரை மேலே தூக்கினார். அல்வாரெஸ் உயிர் பிழைத்தார்.

அது தெளிந்த நீர். நம்ம ஊர் ஆற்றின் கலங்கல் தண்ணீரில் ஒரு பிள்ளை முங்கினால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

மூச்சை அடக்கும் போட்டி ஏன் கூடாது?

வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால், உடலில் கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கும். 'மூச்சு விடணும்' என்ற உந்துதலைத் தருவதே அதுதான். அந்த எச்சரிக்கை வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, சத்தமே இல்லாமல் மயக்கம் வந்துவிடும்.

பயிற்சியின்போது கவனிக்க வேண்டியவை

* கரையில் ஒரு பெரியவர் கண்காணிக்க வேண்டும். கையில் செல்போன் கூடாது.
* இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுங்கள்.
* இருவர் இருவராக ஜோடி சேர்த்து விடுங்கள்.
* ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாக டைவ் அடிக்கக் கூடாது.
* மதகு, ரெகுலேட்டர் பக்கம் போகவே கூடாது. ஷட்டரைத் தூக்கினால் இழுவை சட்டென்று கூடும்.
* கயிறு, மூங்கில் கழி, மூடிய காலி கேன் கரையில் தயாராக இருக்கட்டும்.

யாராவது மூழ்கினால்?

பதறிப்போய்க் குதிக்காதீர்கள். தத்தளிப்பவர் உங்களையும் சேர்த்து அமுக்கிவிடலாம். கயிறு, கேனை வீசுங்கள், கழியை நீட்டுங்கள்.

கரை சேர்த்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகச் சுற்றுவது வேண்டாம். நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையென்றால், முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பிறகு 30 முறை நெஞ்சை அழுத்தி, 2 முறை மூச்சு என்று மாறி மாறித் தொடருங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108-க்கு அழைக்க வேண்டும்.

எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.