மேடை தந்த பேரம்: கே. பி. சுந்தராம்பாளின் கலைப்பயணம்

கே. பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இரண்டு செய்திகளைச் சுற்றியே நிற்கிறது. ஒன்று, நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவோடு அவருக்கு இருந்த காதலும் கிட்டப்பாவின் அகால மரணமும். மற்றொன்று, 1935-இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்துக்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய். முதலாவதைக் கண்ணீரோடும் இரண்டாவதை வியப்போடும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த லட்சம் எங்கிருந்து வந்தது, எந்தத் தொழில்முறை அவருக்கு அப்படிக் கேட்கும் துணிவைத் தந்தது என்று கேட்பவர் குறைவு.

1920களின் ஸ்பெஷல் நாடக மேடை, பேர்பெற்ற நடிகையருக்குத் தம் விலையைத் தாமே சொல்லும் உரிமையைக் கொடுத்திருந்தது. அந்த உரிமையை உடைபடாமல் சினிமாவுக்குள் கொண்டுவந்தவர் சுந்தராம்பாள். 1933-இல் கிட்டப்பா இறந்தபின் அவர் ஏற்ற துறவுக்கோலம் அதைப் பறித்துவிடவில்லை. அதற்கு வேறொரு உருவம் கொடுத்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தபோது தமிழ் நாடகத்தில் இரண்டு விதமான அமைப்புகள் நிலைபெற்றிருந்தன. ஒன்று கம்பெனி. அங்கே நடிகர்கள் ஓரிடத்தில் தங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, முதலாளி கொடுப்பதை வாங்கிக்கொண்டார்கள். பாய்ஸ் கம்பெனிகள் இந்த வகை. மற்றொன்று ஸ்பெஷல். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் வேறெங்கிருந்தோவும் வந்து ஓர் இரவுக்கு மட்டும் கூடுவார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் வள்ளி, கோவலன், பவளக்கொடி எல்லாம் எல்லோருக்கும் பாடம் என்பதால் நேரே மேடையில் சந்தித்துக்கொண்டால் போதும். வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தைக் கேட்கத்தான் ஜனம் விடியவிடிய உட்கார்ந்திருந்தது. யார் யாரை மடக்குகிறார்கள் என்பது எழுதிவைத்த வசனத்தில் இல்லை. அன்றைக்கு யார் குரலும் சமயோசிதமும் ஓங்கி நிற்கின்றனவோ அவர் கையில் இருந்தது.

இந்த அமைப்பில் நோட்டீஸில் பெயர் பெரிதாக விழும் நடிகைக்கு முதலாளி என்று ஒருவர் நிரந்தரமாக இல்லை. காண்ட்ராக்டர் வருவார், ரேட் பேசுவார், படியவில்லை என்றால் போய்விடுவார். சமூகத்தில் நடிகைக்கு இருந்த இழிபெயர் வேறு, தொழிலில் இருந்த பேர வலிமை வேறு. சுந்தராம்பாளுக்கு முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு ஒரு கம்பெனி நடத்திப் பெரும் பொருள் ஈட்டியிருந்தார். மேடைப் பெண் தன் தொழிலைத் தானே நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதாக இருக்கவில்லை.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-இல் பிறந்த சுந்தராம்பாளின் குழந்தைப்பருவம் வறுமையில் கழிந்தது. தாய் பாலாம்பாள். ரயிலில் பாடிய சிறுமியை நாடகத்துறையார் கண்டெடுத்த கதை பல வடிவங்களில் வழங்குகிறது. சிலவற்றில் கண்டெடுத்தவர் திருச்சி ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப். ஜி. நடேச ஐயர், வேறு சிலவற்றில் சிறுமியைக் கும்பகோணம் வேலு நாயர் கம்பெனியில் சேர்த்துவிட்டவர் பெயர் முன்னுக்கு வருகிறது. கதைகளுக்கிடையே எந்த முரண் இருந்தாலும், சங்கீதக் கச்சேரி உலகின் குருகுல வழியில் அல்லாமல் நாடகக் கொட்டகையில்தான் அவர் குரல் பதப்பட்டது என்பதில் மாறுபாடில்லை.

கொட்டகையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாகித்தியத்தின் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். ஆகவே சுருதி உயரே இருந்தாக வேண்டும், வாயைத் திறந்து பாடியாக வேண்டும், மெய்யெழுத்துகளை விழுங்கக் கூடாது. பிற்கால இசைத்தட்டுகளிலும் படங்களிலும் நாம் கேட்கும் சுந்தராம்பாள், பிர்காக்களை உதிர்க்கும்போதும் சொல்லைச் சிதைப்பதில்லை. இதைத் தெய்வ வரம் என்று எழுதுவது வழக்கம். வரம் இருக்கலாம். ஆனால் விடிய விடியப் பாடி, மறுநாள் ரயிலேறி, அடுத்த ஊரில் மறுபடி பாடிய உழைப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

அன்றைய தமிழ் நாடகக்காரர்களுக்கு இலங்கை இன்னொரு பெரிய சந்தை. சுந்தராம்பாள் இளம் வயதிலேயே அங்கே போய்ப் பேர் வாங்கியவர். கிட்டப்பாவோடு அவர் ஜோடி சேர்ந்ததும் 1926-இல் கொழும்பில்தான். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த கிட்டப்பா பிள்ளைப் பருவத்திலிருந்தே மேடையில் இருந்தவர். கன்னையா கம்பெனியில் புகழ்பெற்றவர். எட்டாத சுருதியில் பாடும் இருவரை ஒரே மேடையில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. 1927-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர், பிராமணர். ஸ்ரீ கான சபாவின் பேரில் இருவரும் நடித்த சில ஆண்டுகள் தமிழ் நாடகத்தின் உச்ச வசூல் காலங்களில் ஒன்று. பிறகு மனக்கசப்பு, பிரிவு. சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறின. அவற்றைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, இருபத்தேழு வயதில் இறந்தார்.

அதற்குப்பின் வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் மாலை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. இதைப் பதிபக்தி என்று மட்டும் படித்தால் ஒரு சமூக உண்மை தப்பிப்போகும். பிராமணரின் இரண்டாம் மனைவியாக, மேடைக்காரியாக இருந்த அவருக்கு மனைவி என்ற இடத்தை ஊர் முழு மனதோடு கொடுக்கவில்லை. கைம்பெண் கோலத்தையோ அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியவில்லை. நடிகை என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்த ஏளனம் அந்தக் கோலத்தின் முன் வாயடைத்துப்போனது. அவர் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவு அதுதான்: சிருங்காரத்துக்கு இடமில்லாத பாத்திரம், தன் குரலே மையமான கதை என்று அவர் இனிப் போடப்போகும் நிபந்தனைகளுக்கெல்லாம் அந்தக் கோலம் நியாயம் கற்பித்தது.

‘நந்தனார்’ இந்த நிபந்தனைக்குள் அடங்கிய முதல் படம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் மேடையிலும் காலட்சேபத்திலும் ஊறிய கதை. நந்தனுக்கு ஜோடி இல்லை. பெண்கள் ராஜபார்ட் கட்டுவது மேடைக்கு வழக்கமானதுதான். தயாரிப்பாளர் அசன்தாஸ் வந்து கேட்டபோது, நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள் அவரை விரட்டுவதற்காகவே ஒரு லட்சம் என்று சொன்னார், அவரோ ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அந்தத் தொகை ஸ்பெஷல் மேடையின் தர்க்கப்படிதான் வந்தது. படக்கம்பெனிகள் நடிகர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்திய காலம் அது. மாதச் சம்பளம் என்பதே அறியாத மேடையிலிருந்து வந்தவர் ‘என் ரேட் இது’ என்றார். அவர் கேட்டதில் வியப்பில்லை; கொடுத்ததில்தான் வியப்பு.

மாணிக்லால் டாண்டன் இயக்கிய அந்தப் படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1934-இல் காந்தி தமிழகத்தில் ஹரிஜன யாத்திரை செய்துபோன மறு ஆண்டு, ஒரு மேடைப் பெண் தாழ்த்தப்பட்ட அடியாராகவும், பேர்பெற்ற பிராமண வித்வான் அவருடைய ஆண்டையாகவும் திரையில் தோன்றினார்கள். சனாதனிகளுக்கு இது உவப்பாக இல்லை. கலைக் கண்ணோடு பார்த்தவர்களுக்கும் படம் முழுத் திருப்தி தரவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதைக் கடுமையாகக் கேலி செய்தார். படத்தில் வந்த மரமும் மாடுமே மனிதர்களைவிட நன்றாக நடித்தன என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். கேலி நியாயமானதாகவே இருந்திருக்கும். கொட்டகையின் கடைசி வரிசைக்கு எட்டுவதற்கான நிற்பும் கையசைவும் அருகில் நிற்கும் காமிராவுக்கு ஒவ்வாதவை. குரல் தாண்டிய தூரத்தை உடம்பு தாண்ட அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

1940-இல் ‘மணிமேகலை’. இளவரசனின் காதலை மறுத்துத் துறவு பூணுபவள் என்பதால் இதுவும் நிபந்தனைக்குள் அடங்கிய வேடமே. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் சுந்தராம்பாளுக்குப் படம் இல்லை.

அந்த ஆண்டுகளை வெற்றிடமாகக் கருத வேண்டியதில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் ஊக்கத்தில் 1930களிலேயே அவர் கட்சி மேடைகளுக்கு வந்துவிட்டார். 1937 தேர்தலில் அவர் பாட்டு கட்சிக்குக் கூட்டம் சேர்த்தது. தேசியப் பாடல்கள் இசைத்தட்டுகளாகக் கடைக்கோடி ஊர்வரை போயின. நாடகக்காரர்களும் இசைத்தட்டும் தேசிய இயக்கமும் ஒன்றையொன்று தாங்கிய விதத்தைத் தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். சுந்தராம்பாள் 1951-இல் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். திரையிலிருந்து சட்டமன்றத்துக்குள் போனவர்களின் நீண்ட தமிழ்நாட்டு வரிசையில் முதல் பெயர் அவருடையது என்பதை, அந்த வரிசையைப் பற்றிப் பேசுபவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கிடையே சினிமாவின் இலக்கணமே மாறிக்கொண்டிருந்தது. 1930களின் கடைசியில் தலைகாட்டிய பின்னணிப் பாட்டு, 1940களின் இறுதிக்குள் வழக்கமாகிவிட்டது. பாடத் தெரிந்தால்தான் நடிக்க முடியும் என்ற பழைய விதி போயிற்று. பாடும் நடிகர்களின் தலைமுறை ஒடுங்கியது: பி. யு. சின்னப்பா 1951-இல் மறைந்தார்; எம். கே. தியாகராஜ பாகவதர் சிறை மீண்டபின் பழைய இடத்தை எட்டவே இல்லை. இந்த நிலையில்தான் ஜெமினி எஸ். எஸ். வாசன், கொத்தமங்கலம் சுப்பு இயக்கத்தில் ‘ஔவையார்’ எடுத்து 1953-இல் வெளியிட்டார். கோட்டையைத் தகர்க்கும் யானைக் கூட்டம் போன்ற ஜெமினிக்கே உரிய பிரம்மாண்டங்கள் இருந்தாலும், படத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு கிழவியின் பாட்டு. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி காதலோ ஜோடியோ இல்லாமல் ஒரு முழுப் படத்தைத் தன் தோளில் சுமப்பது அன்று மட்டுமல்ல, இன்றும் அரிது.

இங்கே ஒரு மேடைச் செய்தியையும் சேர்த்துப் பார்க்கலாம். அதே ஔவையாராக நாடகத்தில் நடித்து ஔவை என்பதையே தம் பெயருக்கு முன்னொட்டாகப் பெற்றவர் டி. கே. சண்முகம். ஆண் ஔவையாகவும் பெண் நந்தனாகவும் நிலைபெற முடிந்த மேடை அது. வேஷத்துக்குக் குரலும் பயிற்சியுமே தகுதி என்ற அந்த மரபைச் சினிமா சீக்கிரமே கைவிட்டது. சுந்தராம்பாளுக்கு மட்டும் சினிமா கடைசிவரை விதிவிலக்கு அளித்தது.

அடுத்த சுற்று 1964-இல் ‘பூம்புகா’ரோடு தொடங்கியது. மு. கருணாநிதி கதை வசனம் எழுதிய அப்படத்தில் அவர் சமணத் துறவி கவுந்தியடிகள். பழுத்த காங்கிரஸ்காரரும் முருக பக்தருமான ஒருவரைத் திராவிட இயக்கப் படம் தேடிப்போனது சாதாரண விஷயமல்ல. தமிழின் முகம் என்று யாரைக் காட்டலாம் என்ற கேள்விக்குக் கட்சிகடந்த விடையாக அவர் ஆகிவிட்டிருந்தார். மறு ஆண்டு ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’. கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்தும் ஔவையாக அவர் வரும் காட்சி சில நிமிடங்களே. ஐம்பத்தேழு வயதில், கே. வி. மகாதேவன் இசையில், உச்சஸ்தாயியில் அவர் நின்றதைக் கேட்டவர்கள் அதற்கு முன்னும் பின்னும் வந்த நட்சத்திரக் காட்சிகளை மறந்தார்கள். ‘கந்தன் கருணை’யில் மீண்டும் ஔவை. ‘காரைக்கால் அம்மையா’ரில் (1973), இளமையை லட்சுமி நடிக்க, பேயுருவை வேண்டிப் பெற்ற பிந்தைய அம்மையார் சுந்தராம்பாள். நந்தன், மணிமேகலை, ஔவை, கவுந்தி, அம்மையார்: பெண்ணுடலின் கவர்ச்சியைத் துறந்தவர்களையும் அதற்கு வெளியே நின்றவர்களையும் வரிசையாக ஏற்ற ஒரு நடிகை, கவர்ச்சியை விற்ற தொழிலில் நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்.

‘துணைவன்’ (1969) படப் பாடலுக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது, 1970-இல் பத்மஸ்ரீ. சிறந்த பின்னணிப் பாடகி என்பது விருதின் பிரிவு. தன் முகத்துக்குத் தானே பாடிவந்தவரை வைக்க அரசாங்கத்திடம் வேறு பிரிவு இல்லை போலும்.

சொந்த ஊரான கொடுமுடியில் தன் பெயரில் ஒரு தியேட்டர் கட்டியிருந்த சுந்தராம்பாள் 1980-இல் காலமானார். நடித்த படங்கள் மொத்தம் ஏறத்தாழ ஒரு டஜன்தான். அவர் வாழ்க்கையை எழுதப் புகும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கிட்டப்பாவின் கதையை 1933-இல் முடியுங்கள், சுந்தராம்பாளின் கதையை அங்கே முடிக்காதீர்கள். கடிதங்களுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியையாவது நாடக நோட்டீஸ்களுக்கும் இசைத்தட்டுப் பட்டியல்களுக்கும் படக்கம்பெனி ஒப்பந்தங்களுக்கும் கொடுங்கள். குடும்பங்களின் பரண்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருப்பவை செல்லரித்துப் போவதற்குள் அதைச் செய்யுங்கள்.