பழைய புல்லட்டுக்கு 'போர்ட்டிங்': ஓட்டையைப் பெருசாக்கினால் பவர் கூடுமா? ஹெட்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

பழைய புல்லட்டை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போனால் ஒரு யோசனை காதில் விழும்: "ஹெட்டைக் கழட்டி போர்ட்டைக் கொஞ்சம் பெருசு பண்ணிட்டா, வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 40, 50 வருடப் பழைய சிலிண்டர் ஹெட்டில் குடைந்து எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. தப்பாகக் குடைந்தால் இழுவை போகும், சில நேரம் ஹெட்டே வீணாகும். போர்ட்டிங் என்பது என்ன, அது எப்போது பலன் தரும், பழைய வண்டிக்கு உண்மையில் தேவைப்படும் ஹெட் வேலை எது? பார்க்கலாம்.

ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது?

1955-ல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் பல ஆண்டுகள் தயாரித்த புல்லட் 350-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் வார்ப்பு இரும்பு, அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். ஹெட்டில் இரண்டு வால்வுகள். ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும், மற்றொன்று எரிந்த புகையை வெளியே தள்ளும்.

கார்பரேட்டரில் இருந்து வால்வு வரைக்கும், வால்வில் இருந்து சைலன்சர் பைப் வரைக்கும் ஹெட்டுக்குள் இருக்கும் வளைந்த பாதைகள்தான் போர்ட். வார்ப்பில் வந்த பிசிறு, மேடு பள்ளம், பொருந்தாத இணைப்பு எல்லாம் அந்தப் பாதையில் காற்றைத் தடுக்கும். அவற்றைச் சரிசெய்து, காற்று சிக்கலில்லாமல் போகும்படி பாதையின் வடிவத்தைத் திருத்துவதுதான் போர்ட்டிங்.

ஓட்டை பெருசானால் பவர் கூடாதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்ஜினுக்குக் காற்றின் அளவு மட்டுமல்ல, வேகமும் வேண்டும். வேகமாக வரும் காற்றுதான் பெட்ரோல் துளிகளைச் சிதறவிடாமல் தூக்கிக்கொண்டு வரும். பிஸ்டன் கீழே போய் மேலேறத் தொடங்கிய பிறகும், அந்த வேகத்தில் கொஞ்சம் காற்று உள்ளே திணியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாதையை 28 மில்லிமீட்டராகக் குடைந்தால், அதன் பரப்பு சுமார் 36 சதவீதம் கூடும். அதே ஆர்.பி.எம்-மில் அதே அளவு காற்று போகும்போது, அதன் வேகம் கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். குறைந்த ஆர்.பி.எம்-மில் இது நன்றாகவே தெரியும். வண்டி திணறும், பிக்கப் போகும், ஐடிலிங் நிற்காது.

புல்லட் 350-ல் வந்த மிக்கார்ப் கார்பரேட்டரின் வாயே 24 மில்லிமீட்டர்தான். அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருக்கும் போர்ட்டை மட்டும் அகலமாக்குவது, சின்னக் குழாயில் வரும் தண்ணீரைப் பெரிய குழாயில் விடுவது போல. தண்ணீர் கூடாது, வேகம்தான் குறையும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. புல்லட் 350-ன் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்கும் இன்ஜின் இது. 5,000 ஆர்.பி.எம்-மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர். பெரிய போர்ட் பலன் தருவது அதிக ஆர்.பி.எம்-மில். ஆனால் பழைய புல்லட்டின் 18 குதிரைத்திறன் சுமார் 5,600 ஆர்.பி.எம்-மிலேயே வந்துவிடும். அதற்கு மேல் விரட்டினால் கனெக்டிங் ராடும் பேரிங்கும்தான் அடி வாங்கும். புல்லட்டின் பலமே குறைந்த வேகத்தில் கிடைக்கும் இழுவை. அதை இழந்துவிட்டு டாப் ஸ்பீடைத் தேடுவதில் லாபம் இல்லை.

நல்ல போர்ட்டிங்கில் என்ன செய்வார்கள்?

காற்று எவ்வளவு போகிறது என்று முதலில் அளப்பார்கள். ஹெட்டை 'ஃப்ளோ பெஞ்ச்' என்ற கருவியில் பொருத்தி, குறிப்பிட்ட அழுத்தத்தில் காற்றை இழுத்து, வால்வு ஒவ்வொரு உயரத்துக்குத் திறக்கும்போதும் எவ்வளவு காற்று போகிறது என்று குறித்துக்கொள்வார்கள். போர்ட்டில் போகும் காற்றை இப்படி அளந்து ஹெட்டைத் திருத்தும் முறையில் பெயர் பெற்றவர் பிரிட்டன் பொறியாளர் ஹாரி வெஸ்லேக். 1920-களிலேயே பென்ட்லி கார் இன்ஜின்களில் அவர் வேலை செய்தார்.

அளந்த பிறகு கை வைக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்:

* இணைப்பு: கார்பரேட்டர் மேனிஃபோல்டு, கேஸ்கெட், போர்ட் மூன்றின் வாயும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இடையில் படி போல இருந்தால் காற்று அங்கே முட்டும்.

* சீட்டை ஒட்டிய பகுதி: வால்வு சீட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பிசிறை எடுத்து வழவழப்பாக இணைப்பது. குறைந்த உலோகத்தை எடுத்து நிறையப் பலன் பெறும் இடம் இதுதான்.

* உள்வளைவு: போர்ட் வளைந்து வால்வை நோக்கித் திரும்பும் இடத்தில் உட்பக்க வளைவு மிக முக்கியம். இங்கே அதிகமாகச் சீவினால் வளைவு கூர்மையாகி, காற்று சுவரை விட்டு விலகிவிடும். அனுபவம் இல்லாதவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தைத்தான்.

காற்று வரும் போர்ட்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடத் தேவையில்லை. லேசான சொரசொரப்பு இருந்தால், சுவரில் படியும் பெட்ரோல் மறுபடி காற்றில் கலக்க உதவும். புகை போகும் போர்ட்டைப் பாலிஷ் செய்யலாம், கரி படிவது கொஞ்சம் குறையும்.

பழைய ஹெட்டுக்கு முதலில் தேவை எது?

"வண்டியில பவர் இல்ல" என்று வரும் பல பழைய வண்டிகளில் குறை போர்ட்டில் இருக்காது. வால்வு சீட்டும் வால்வு கைடும் தேய்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்யும்போதோ, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுத் திரும்ப முறுக்கும்போதோ நீலப் புகை வந்தால் கைடு மேல் சந்தேகம் வரும். கழட்டிய ஹெட்டில், வால்வு மூடியிருக்கும்போது போர்ட் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிப் பார்ப்பது பட்டறைகளில் பழைய வழக்கம். கசிந்தால் சீட் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பெட்ரோலும் ஒரு காரணம். இந்தியா முழுக்க 2000 பிப்ரவரி முதல் ஈயம் கலக்காத பெட்ரோல்தான். முன்பு அந்த ஈயம் சீட்டுக்கும் வால்வுக்கும் இடையே ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலமாக நின்றது. அது இல்லாமல் போனதால், மென்மையான பழைய சீட்டுகள் வேகமாகத் தேயலாம். அந்த நிலையில் கடினப்படுத்திய புது சீட் போடுவதுதான் தீர்வு.

கைடு மாற்றினால் சீட்டையும் கட்டாயம் புதிதாகக் கட்டிங் செய்ய வேண்டும். காரணம், வால்வின் மையம் லேசாக நகர்ந்திருக்கும். சீட்டை மூன்று கோணங்களில் வெட்டுவது வழக்கம். வால்வு உட்காரும் நடுக்கோணம் பெரும்பாலும் 45 டிகிரி. சீட்டின் அகலத்தை ரொம்பவும் குறைக்கக்கூடாது. புகை வால்வின் சூடு அந்தச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. மெலிந்த சீட் என்றால் வால்வு எரிந்துபோகும்.

ஆர்.எக்ஸ் 100, ஜாவாவுக்கும் இதே கதைதானா?

இல்லை. யமஹா ஆர்.எக்ஸ் 100, ஜாவா, யெஸ்டி எல்லாம் டூ ஸ்ட்ரோக். அவற்றின் ஹெட்டில் வால்வே கிடையாது, போர்ட்டுகள் சிலிண்டர் சுவரில் இருக்கும். அங்கே போர்ட்டின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் ராவினாலும், அது திறந்து மூடும் நேரமே மாறிவிடும். அதனால் டூ ஸ்ட்ரோக்கில் தவறுக்கு இடம் இன்னும் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி-யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்கிறது.

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் வண்டி அசல் வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. தேய்ந்த சீட்டையும் கைடையும் புதுப்பிப்பது பழுது பார்ப்பது. பெரிய வால்வு, பெரிய கார்பரேட்டர், வேறு கேம் என்று போய் இன்ஜினின் தன்மையையே மாற்றினால், அந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகலாம்.

ஹெட்டைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* இப்போது கம்ப்ரஷன் எவ்வளவு இருக்கிறது? கழட்டும் முன்பே அளந்து குறித்தாயிற்றா?

* சீட், கைடு வேலை முடிந்து வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகும் போர்ட்டிங் தேவையா?

* எந்த இடத்தில், எதற்காக உலோகத்தை எடுக்கப் போகிறார்கள்? வேலைக்கு முன்பும் பின்பும் காற்றோட்டத்தை அளந்து காட்டுவார்களா?

"எல்லாத்தையும் நல்லா பெருசு பண்ணிடலாம் சார்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், ஹெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பட்டறை பார்ப்பது நல்லது.