எருசலேமின் மொட்டை மாடிகள்

2015 டிசம்பர்ல வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கு எங்க அசோக் நகர் தெருவே மொட்டை மாடியில நின்னு கைதட்டுச்சு. யாரோ கேசரிகூட கிண்டினாங்க. பக்கத்துல ஜாபர்கான்பேட்டையில, அடையாற்றங்கரைக் குடிசைகளை ஆறு அடிச்சுட்டுப் போயிருந்தது.

இன்னிக்குக் கதையும் மாடியிலதான்.

கி.மு. 701. யூதாவின் 46 கோட்டை நகரங்களைப் பிடித்ததாக அசீரிய மன்னன் சனகெரிப் எழுதி வைத்திருக்கிறான். லாகீஸ் நகரம் விழுந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கவும் செய்தான். இப்போ அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். எருசலேம் மட்டும் தப்பியது. ஊரே மாடியேறி ஆட்டம், கறி, மது. ஏசாயா தீர்க்கதரிசி மட்டும் தன்னைத் தனியா அழ விடச் சொன்னார். ஏசாயா 22ஆம் அதிகாரத்தின் பின்னணி இதுதான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

ஒரு இன்ஜினியரா எனக்கு உறுத்துறது அடுத்த பகுதி. வீடுகளை இடிச்சு மதிலைப் பலப்படுத்தினது, குளத்துத் தண்ணியைச் சேர்த்தது, எல்லாத்தையும் அவர் வரிசையா சொல்றார். எசேக்கியா ராஜா வெட்டினதா சொல்லப்படுற சுரங்கம் 533 மீட்டர். ரெண்டு பக்கமும் பாறையைக் குடைஞ்சு நடுவுல சந்திச்சிருக்காங்க. செம வேலை! ஏசாயா அதைக் குறை சொல்லல. இவ்வளவும் பார்த்தீங்க, இதையெல்லாம் வகுத்தவரைப் பார்க்கலையேன்னுதான் கேட்கிறார். சுத்தி ஊரெல்லாம் சாம்பல், இங்கே விருந்து.

சுமார் 115 வருஷம் கழிச்சு பாபிலோன் படை வந்தது. அப்போ எருசலேம் தப்பல.

எங்க தெரு? 2019 கோடையில, கைதட்டின அதே ஆளுங்க குடத்தோட லாரிக்கு நின்னோம். ஜூலையில ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்தது.