மாந்தைத் துறையும் ஹிஜ்ரி 446இன் விண்மீனும்

மன்னார்த் தீவுக்கு எதிர்க்கரையில், திருக்கேதீச்சரத்தை அண்டிக் கிடக்கும் மண்மேடுதான் பழைய மாந்தைத் துறை. பாளி நூல்களின் மகாதித்தவும் தமிழரின் மாதோட்டமும் இதுவே. 1980களின் முற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வில் மேற்காசிய மட்பாண்டங்களும் சீனப் பாண்டங்களும் இங்கே வெளிப்பட்டன. தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி இவ்விடத்தில் இராசராச ஈச்சரத்தைக் கட்டி, அதன் செலவுக்கான ஏற்பாட்டைக் கல்லில் பொறித்தான். மேற்கையும் கிழக்கையும் கடலால் இணைத்த துறை இது.

வடஇலங்கை சோழர் ஆட்சியில் இருந்த 1054ஆம் ஆண்டு, ஜூலை 4ஆம் திகதி, சீன அரசவை வானியலார் கிழக்கு வானில் ஒரு புதிய விண்மீனைக் குறித்தனர். 23 நாட்கள் அது பகலிலும் தெரிந்தது. இரவில் 1056 ஏப்ரல் வரை மறையவில்லை. கார்த்திகைக் கூட்டத்துக்குக் கிழக்கே இருந்த அந்த ஒளி, மன்னார் வானில் ஏறத்தாழ உச்சிக்கே ஏறக்கூடியது. ஜூலையில் அது சூரியனுக்கு முன்னே உதித்தது. விடிவெள்ளி பார்த்துப் பாய் விரிக்கும் கடலோடிகளின் நேரமும் அதுவே.

உண்மையில் அது புதிதாகப் பிறந்த மீன் அல்ல, இறந்த மீன். சூரியன் போன்ற விண்மீன் முதுமையில் தன் மேலடுக்குகளை மெல்ல உதறும். நடுவே எஞ்சும் சூடான கருவின் புறஊதாக் கதிர் பட்டு அந்த வாயு ஒளிரும். கரு வெண்குறுமீனாகக் குளிரும். இத்தகைய கருவின் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்ற முடிவுக்கு வழியமைத்த கணக்கை, 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்ற சென்னை மாணவர் சந்திரசேகர் போட்டார். மிகப் பெரிய விண்மீனின் கதை வேறு. எரிபொருள் தீர்ந்ததும் கரு நொடிப்பொழுதில் இடிந்து சுருங்கும். மேலடுக்குகள் வெடித்துச் சிதறும். 1054இல் தெரிந்தது அந்த வெடிப்பு. அதன் எச்சமே நண்டு நெபுலா எனும் ஒளிமுகில். சுமார் 6,500 ஒளியாண்டுத் தொலைவில், நொடிக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் வேகத்தில் இன்றும் அது விரிகிறது. அதன் நடுவே நொடிக்கு 30 தடவை சுழலும் நியூத்திரன் மீன் 1968இல் கண்டறியப்பட்டது. முகிலை இன்னும் ஒளிரச் செய்வது அதன் சுழற்சி ஆற்றலே.

முகிலையும் பழைய மீனையும் இணைத்தது எழுத்துதான். முகில் விரிவது 1921இல் தெரியவந்தது. அந்த விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டு 1928இல் ஹப்பிள் சீனக் குறிப்புக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு சாட்சி அறபு மொழியில் இருந்தது. பக்தாதின் கிறிஸ்தவ வைத்தியர் இப்னு புத்லான் அப்போது கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்தார். ஹிஜ்ரி 446இல் மிதுனத்தில் ஒரு மீன் தோன்றியதாகவும், அங்கும் ஃபுஸ்தாத்திலும் கொள்ளைநோய் பரவியதாகவும் அவர் எழுதினார். மீனே நோய்க்குக் காரணம் என்ற அவரது கருத்து இன்று நிற்காது. ஆயினும் ஆண்டும் ராசியும் நின்றன. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இப்னு அபீ உஸைபிஆ என்னும் முஸ்லிம் வைத்தியர், வைத்தியர்களின் வரலாற்றுத் தொகுப்பில் அதைப் பேணினார். 1978இல் ஆய்வாளர்கள் அதை எடுத்துக்காட்டினர்.

மாந்தைக் கரையிலும் அதைக் கண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்கள் கண்டதைச் சொல்லும் ஒரு வரியும் நம் கைக்கு வரவில்லை. மீன் பார்த்துத் திசையறியும் அறிவு இக்கரையில் வாய்மொழியாகவே வாழ்ந்தது. போரும் இடப்பெயர்வும் அந்த முதியவர்களைச் சிதறடித்தன. இன்று படகுகளில் திசைகாட்டுவது கருவி. எந்த மீனை எப்பெயரால் அழைத்தனர், எது எழும்போது எக்காற்று வீசும் என்று சொல்லக்கூடிய மூத்த மீனவர் எருக்கலம்பிட்டியிலும் பேசாலையிலும் இருக்கும்போதே அவற்றை எழுதிக்கொள்வது நம் தலைமுறையின் கடமையாகும். இப்னு புத்லான் எழுதியதும் சில வரிகள்தாம்.